குங்குமம் வைத்த போத்தல்

புதிதாக நியமனம் வாங்கி வந்திருக்கும் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை என்பது அழைத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அழைத்திருக்கிறார்கள், அனுபவியுங்கள்.

இரசாயனவியல் படிப்பித்துப் படிப்பித்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் படித்தவர்களில் வைத்தியர் இருக்கிறார், பொறியியலாளர் இருக்கிறார், தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை ஐயாவாக வேலை பார்ப்பவர்கூட இருக்கிறார். அந்தப் பெருமையெல்லாம் என் பிரியாவிடை விழாவில் மற்றவர்களே பேசித் தீர்த்துவிட்டார்கள். அன்றைக்கு மேடையில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மரியாதைக்காகப் பேசாமல் விட்டார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் அந்தக் காலத்துப் பாடசாலை அதிபர் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம்.

லிந்துலைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கும் ஒரு பாடசாலை அது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஆய்வுகூடம் என்று ஓர் அறையைக் கொடுத்தார்கள். அறைக்குள் அலுமாரி இருந்தது, அலுமாரிக்குள் கரப்பான் பூச்சி இருந்தது. இரசாயனம் என்று கேட்டால் உப்பும் சுண்ணாம்பும் காட்டலாம். அந்த நேரத்தில் கொழும்பில் ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு தனியார் ஆய்வுகூடத்தை மூடுகிறார்கள், வேண்டிய போத்தல்களைப் பாடசாலைகள் எடுத்துக்கொண்டு போகலாம் என்று தகவல் வந்தது.

ஓசி என்றால் எனக்குக் கண்மண் தெரியாது. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துக் கொழும்புக்கு இறங்கினேன். எதை எடுத்தீர்கள் என்று கேட்டால், பார்க்க அழகாக இருந்ததையெல்லாம் எடுத்தேன். அதில் ஒரு சின்னப் போத்தல். கண்ணாடி மூடி, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று பளிங்குத் துண்டுகள். லேபலைப் பூச்சி தின்று, மிச்சத்தை ஈரம் தின்றிருந்தது. எனக்கு லேபல் எதற்கு? பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆரஞ்சு நிறப் பளிங்கு என்றால் டைக்குரோமேற்றுதான். இருபத்தைந்து வருட அனுபவம் அப்படிச் சொன்னது. நானும் அப்படியே நம்பினேன்.

திரும்பி வரும்போது மற்றதையெல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு, உடைந்துவிடுமே என்று அந்தப் போத்தலை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் ஆடும்போதெல்லாம் கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டேன். பக்கத்துச் சீட்டில் இருந்த அம்மா, "என்னங்க, மருந்துங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, படிக்காத புள்ளைங்களுக்கு மருந்து" என்றேன். என் வாய் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தப் பேச்சு முழுக்க.

எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் நஸீர். தலவாக்கலை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, என்னைவிட ரொம்ப இளையவர். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது டைக்குரோமேற்றுதானா சேர்? லேபல் ஒண்ணும் இல்லையே" என்றார்.

"நஸீர், நீங்க கம்பியும் ஆணியும் பாருங்க. கலர பாத்தா எனக்குத் தெரியாதா?"

அவர் சிரித்துவிட்டுப் போத்தலை மெதுவாக வைத்தார். அவர் மெதுவாக வைத்ததற்கு இன்றைக்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்து வந்தவள் நிரோஷா. மேலே இருக்கும் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் பிள்ளை, அம்மா கொழுந்து எடுப்பவர். அந்தத் தோட்டத்திலிருந்து விஞ்ஞானம் படிக்க வந்த முதல் பெண்பிள்ளை அவள்தான். நல்ல கெட்டிக்காரி. அலுமாரிச் சாவியையே அவளிடம் கொடுத்து வைத்திருந்தேன். ஒருநாள் பாடத்தின் நடுவில் எழுந்து நின்றாள்.

"சேர், இந்த ஆரஞ்சு மருந்து காலையில வந்து பாத்தா கொஞ்சம் மஞ்சளா இருக்குங்க. மத்தியானம் வெயில் வந்ததும் லேசா செவந்து போகுதுங்க."

உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் என்ன செய்தேன் தெரியுமா? "மஞ்சள் போத்தல்ல இல்லம்மா, உன் கண்ணுல. தலவாக்கலை ஆஸ்பத்திரில காட்டு, காமாலையா இருக்கப்போகுது" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்கும் என் நகைச்சுவை ரொம்பப் பிடித்துவிட்டது, அடுத்த வகுப்பிலும் போய்ச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

மலைப் பக்கத்துக் குளிர் உங்களுக்குத் தெரியும். காலையில் பல் கிட்டித்துப்போகும், மத்தியானம் ஜன்னலோரம் சுள்ளென்று சுடும். அந்தப் போத்தல் தினமும் என் கண் முன்னால் நிறம் மாறிக்கொண்டே இருந்தது. நானும் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் என்று எனக்கு நானே பாடம் எடுத்துக்கொண்டேன்.

நவராத்திரி வந்தது. எல்லாப் பாடசாலையிலும் வாணி விழாவுக்குப் புத்தகத்தைத்தான் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. விஞ்ஞானப் பிரிவு என்று ஒன்று இருப்பதைப் பெற்றோரெல்லாம் பார்க்க வேண்டாமா? தராசு, குடுவை, போத்தல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் போத்தலின் மூடி மட்டும் இறுகிக் கிடந்தது. இறுகிய மூடியை எப்படித் திறப்பது என்று உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மேசை விளிம்பில் மெதுவாகத் தட்டினேன். அசையவில்லை. கொஞ்சம் ஓங்கித் தட்டினேன். மூன்றாவது முறைக்குக் கையைத் தூக்கும்போது இடைவேளை மணி அடித்தது, தேத்தண்ணி ஆறிவிடுமே என்று வைத்துவிட்டேன். போகும்போது நிரோஷாவிடம், "வாணி விழா முடியட்டும்மா. மூடிய சுடுதண்ணில காட்டி, திருகித் திறந்து வை. டைட்ரேஷன் செய்வோம்" என்றேன்.

பூசை அன்றைக்கு நல்ல மூட்டம். மண்டபத்துக்குள் எல்லோர் வாயிலும் புகை வந்தது. நிறம் எடுப்பாக இருக்கிறதே என்று அந்தப் போத்தலை முன்வரிசையில், குத்துவிளக்கை ஒட்டி வைத்தேன். வைத்தது நான்தான். சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமப் பொட்டு வைத்ததும் நான்தான். ஒரு செவ்வந்திப் பூவும் சாத்தினேன்.

கற்பூரத் தட்டை நிரோஷாவிடம் கொடுத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சீலை கட்டியிருந்தாள். யாரிடமோ இரவல் வாங்கிய பட்டு, ஆளைவிட நீளம். தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் அதிபர் கண்மூடி நிற்கிறார், பின்னால் சின்னப் பிள்ளைகள், அதற்குப் பின்னால் பெற்றோர். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று, யாரெல்லாம் என் தராசைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிரோஷா தட்டைச் சுற்றியபடியே உதடு அசையாமல் சொன்னாள்:

"சேர், திட்டாதீங்க. போத்தல் ரெண்டு கலரா இருக்குங்க."

குனிந்து பார்த்தேன். விளக்கைப் பார்த்த பக்கம் இரத்தச் சிவப்பு. மறுபக்கம் பழைய ஆரஞ்சு. ஒரே போத்தலுக்குள் பாதிக்குப் பாதி.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். கந்தகமும் நைதரசனும் சேர்ந்த ஒரு சேர்வையைப் பற்றி ஒரு பாடம் எடுத்தார். நாலு கந்தகம், நாலு நைதரசன், கூண்டு மாதிரி ஓர் அமைப்பு. கட்டாயக் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நைதரசன் எப்போது பார்த்தாலும் தன் இனத்தோடு இரண்டிரண்டாகக் கைகோத்து வாயுவாகப் பறந்துவிடத்தான் துடிக்கும். ஒரு தட்டு, ஓர் உரசல், கொஞ்சம் சூடு போதும், மொத்தமாக ஒரே நொடியில் பிரிந்துபோகும். அந்தப் பிரிவுக்குப் பெயர்தான் வெடிப்பு. நான் அந்தக் கூண்டை அடிமட்டம் வைத்ததுபோல வரைந்து முழுப் புள்ளியும் வாங்கியவன். வாய்மூலப் பரீட்சையில் அவர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் கீறியிருக்கிறீர். உது என்ன நிறம்?" என்று கேட்டார். நோட்ஸில் இல்லை என்றேன். அவர் சிரித்தார். "சூட்டுக்கு ஏத்த மாதிரி நிறம் மாறும். சோதினையில உதைக் கேக்கமாட்டினம். ஒருநாள் அது உம்மட்டக் கேக்கும்" என்றார்.

கேட்டுவிட்டது. கூண்டை வரைந்து புள்ளி வாங்கினேன், கூண்டுக்குள் இருந்த மிருகம் நேரில் வந்தபோது பொட்டு வைத்துப் பூ வைத்திருக்கிறேன்.

நிச்சயமாக அதுதானா? தெரியாது. இதைக் கவனியுங்கள், அந்த நிமிடத்தில் எனக்கு நிச்சயம் என்று ஒன்றும் இல்லை. நான் நினைத்தது தப்பாக இருந்தால் ஊர் சிரிக்கும். சரியாக இருந்தால், அந்தப் பிள்ளையின் முகத்துக்கும் போத்தலுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் முன்னால் நிற்கும் நூறு பிள்ளைகளும் மேசையை இடித்துக்கொண்டு ஓடும். வாயை மூடினேன். என் வாழ்க்கையில் அந்த வாய் சரியான நேரத்தில் மூடியது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அவள் சீலையின் முந்தானை மேசைமேல் விழுந்து, போத்தலைச் சுற்றிக் கிடந்தது. அவள் திரும்பினால் போதும், போத்தல் சீமெந்துத் தரையில் விழும்.

"நிரோஷா, அசையாத."

அவள் அப்படியே நின்றாள். இரண்டு எட்டு வைத்து, இரண்டு விரலால் முந்தானையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி எடுத்தேன். தேவாரம் நின்றுபோனது. ஐயோ சாமி, யோசித்துப் பாருங்கள். வயசான ஆம்பிளை வாத்தியார், படிக்கிற பிள்ளையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பூசை நேரத்தில், ஊருக்கு முன்னால் நிற்கிறார். அதிபர் கண்ணைத் திறந்தது சரியாக அந்த நேரத்தில்தான். கூட்டத்தில் போன் இல்லாத கை ஏது? படம் எடுத்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் ராகலை வரைக்கும் போயிருந்தது.

"தட்ட எடுத்துக்கிட்டு பின்பக்கமா நட. மேசைக்கு முதுக காட்டாத. அப்படியே கிரவுண்டுக்குப் போ. எல்லாரும் அங்க வந்து தொட்டுக் கும்பிடட்டும்" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது, தட்டு நடுங்கவில்லை. கற்பூரம் போகும் பக்கம்தானே சனம் போகும்? கும்பிட்ட கையோடு ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள். வாசலில் நஸீர் நின்றார். பூசைக்கு வராவிட்டாலும் அவல் கடலைக்கு ஒருமுறையும் தவறமாட்டார். "நஸீர், அந்த அவல் சட்டியத் தூக்கிட்டு கிரவுண்டுக்குப் போங்க. இந்தக் கதவுகிட்ட ஒருத்தரும் நிக்கப்படாது" என்றேன். என் முகத்தைப் பார்த்தார், சட்டியைத் தூக்கினார். அவல் கடலைக்குப் பின்னால் மிச்ச மண்டபமும் காலியானது.

படத்துக்கு முன்னால் கிடந்த ஒரு செவ்வந்திப் பூவால் விளக்குத் திரியை எண்ணெய்க்குள் அழுத்தினேன். அதிபர் பின்னாலேயே வந்து நின்றார்.

"என்ன சேர் செய்யிறீங்க? விளக்க அணைக்கிறீங்க!"

"அணைக்கலைங்க சேர், மலையேத்துறேன்."

"பூசை முடியலையே!"

"முடிஞ்சிருச்சுங்க. வாங்க போவோம்."

போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடி, கீழே பள்ளத்தில் எறிந்துவிடலாம் என்று ஒரு வீரம் எனக்குள்ளும் வந்தது. மூளை சரி என்றது, கால் நகரவில்லை. தூக்கியிருந்தால் நான் இங்கே வந்து உங்கள் நேரத்தை வீணாக்கியிருக்கமாட்டேன். பயத்துக்கு மரியாதை கொடுங்கள் பிள்ளைகளே, சில நேரம் அதற்கு நம்மைவிட இரசாயனவியல் தெரியும். கதவைப் பூட்டினேன். பூசையில் வைத்ததை விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும் என்றேன். அதற்கு மறுபேச்சு யார் பேசுவார்கள்?

அதிபரின் அறையில் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் பயந்துபோனார். "பொலிசுக்குச் சொன்னா என்ன எழுதுவாங்க? தமிழ் ஆளு ஒருத்தரு பாடசாலைக்குள்ள வெடிமருந்து வச்சிருந்தாருன்னு எழுதுவாங்க. ரெண்டு பேரும் உள்ளதான் போவோம். நாளைக்குக் காலையில மெதுவா எடுத்து ஆத்துல விட்ருவோம் சேர்" என்றார். இந்த நாட்டில் அந்தப் பயம் பொய்ப் பயம் இல்லை, அது உங்களுக்கும் தெரியும். நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். தலையாட்டும்போது நெஞ்சில் ஒரு நிம்மதிகூட வந்தது.

அந்த நேரத்தில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் நிரோஷாவின் அம்மா.

"சேர், எம்புள்ள சீலைய எதுக்குங்க புடிச்சீங்க?"

அதிபர் மேசையைப் பார்த்தார்.

"ஊரே பேசுதுங்க. ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்க வாயால கேட்டுட்டுப் போறேன்."

உண்மையைச் சொன்னேன். போத்தல் என்ன, அதை எங்கே வைத்தேன், பிள்ளை எவ்வளவு கிட்ட நின்றாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

"சரிங்க. அப்ப நாளைக்கு அத யாரு கையால எடுக்கப்போறீங்க? அலுமாரி சாவி எம்புள்ளகிட்டதானே இருக்கு, போத்தல எடுக்கிறது வைக்கிறது அவதானே?"

மறுநாள் காலையில் நான்தான் எடுப்பேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என் கால் எனக்குத் தெரியும். கடைசி நேரத்தில் வேறு ஒரு கைதான் போயிருக்கும், அது யாருடைய கை என்று அந்த அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அவருக்கு முன்னாலேயே போனை எடுத்துப் பொலிசுக்குப் பேசினேன். என் சிங்களம் மரக்கறி வாங்கவும் பஸ்ஸில் மிச்சம் கேட்கவும் போதும். "மாத்தயா, பெஹெத் போத்தலயக்... பிபிரென்ன புளுவன்" என்றேன். மருந்துப் போத்தல், வெடிக்கலாம். யார் வைத்தது என்று கேட்டார்கள். "மம" என்றேன், நான்தான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சுத்தமான சிங்களத்தில் சொன்னேன்.

இருட்டும்வரை ஸ்டேசனில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். நஸீர் வெளியே போட்டிருந்த மர வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். வரும்போது வழியில், "சேர், இனி நான் கம்பியும் ஆணியும் பாக்கவா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் தகுதியானவன்தான்.

மறுநாள் விஜயதசமிக் காலையில் வெடிபொருள் அகற்றும் படைக்காரர்கள் வந்தார்கள். பாடசாலையை மூடியாகிவிட்டது. அவர்களின் அதிகாரி இளைஞர், ரொம்பப் பணிவானவர். ஜன்னல் வழியாகப் போத்தலைப் பார்த்துவிட்டு, அதன்மேல் இருக்கும் சிவப்பு என்ன, கசிவா என்று கேட்டார். குங்குமம் என்றேன். யார் பூசியது என்றார். மறுபடியும் "மம". அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விளக்கை அணைத்ததும் போத்தலைத் தூக்காமல் விட்டதும்தான் நீங்கள் செய்த நல்ல காரியம் என்றார். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் தங்கள் கவசத்தோடும் பெட்டியோடும் அதை எடுத்து, மணல் மூட்டைக்கு நடுவில், கிரவுண்டின் கோடியில் வைத்தார்கள். நாங்கள் தூரத்தில், ரோட்டு வளைவில் நின்றோம். நான், அதிபர், நிரோஷா, அவள் அம்மா. சின்னச் சத்தம்தான் வரும் என்றார் அதிகாரி. வந்த சத்தத்தில் அவரே ஒருமுறை குலுங்கினார். மண்டபத்து ஜன்னல் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து நின்று எங்கள் பக்கம் பார்த்தார்கள். கிரவுண்டு மூலையில் ஆட்டுக்கல்லை இறக்கி வைக்கிற அளவுக்கு ஒரு குழி.

பிறகு எனக்கு விசாரணை வந்தது, திட்டு வந்தது, இடமாற்றமும் வந்தது. எல்லாம் நியாயம்தான். புதுப் பாடசாலையில் நான் முதலில் செய்தது, லேபல் இல்லாத போத்தல் எதையும் தொடாமல் அலுமாரியைப் பூட்டி, தெரிந்தவர்களை வரவழைத்ததுதான். நீங்களும் அதையே செய்யுங்கள். ஆனால் அதைச் சொல்வதற்காக நான் இவ்வளவு தூரம் வரவில்லை.

அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு ரோட்டு வளைவிலேயே நின்றோம். நிரோஷா தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். சுடுதண்ணீரில் காட்டி அந்த மூடியைத் திருக வேண்டிய கை அது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சேர், என் கண்ணுல மஞ்சள் இல்லைதானுங்களே?"

கேலியாகக் கேட்கவில்லை. அவ்வளவு நாளும் அதை உண்மையிலேயே மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று அந்தக் குரலில் தெரிந்தது.

"இல்லம்மா. எனக்குத்தான் கண்ணு சரியில்ல" என்றேன். அழுகை வந்துவிட்டது. வெடிப்புகை கண்ணைக் கரிக்கிறது போல என்று அதிபர் தன் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு தூரத்துக்குப் புகை வராது. இருந்தாலும் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.